பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான உடன்படிக்கை (சீடா)

பெண்களுக்கெதிரான அனைத்து வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கை என்பது ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1979 டிசம்பர் 18 அன்று ஏற்றுக்கொண்ட பன்னாட்டு உடன்படிக்கை ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இதைச் சீடா என்று சுருக்கி அழைப்பர். இலங்கைத் தமிழ் ஆவணங்களில் 'சமவாயம்' என்ற சொல் வழங்குகிறது. 1981 செப்டம்பர் 3 முதல் இது நடைமுறையில் உள்ளது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் உட்பட 189 நாடுகள் இதன் தரப்பு நாடுகள்.

சீடாவைப் 'பெண்களுக்கான உலகச் சட்டம்' என்று சில பாடக்குறிப்புகளில் எழுதியிருப்பதைக் காணலாம். அது சரியான விளக்கம் அன்று. இதை மீறினால் கைது செய்யக் காவல்துறை கிடையாது. அபராதம் விதிக்க நீதிமன்றமும் கிடையாது. எங்கள் நாட்டுப் பெண்களை இவ்வாறு நடத்துவோம் என்று அரசுகள் தங்களுக்குள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்ட வாக்குறுதி இது. அரசுகளுக்கிடையிலான அந்த வாக்குறுதி, அதைக் கேள்விப்பட்டே இராத ஒரு கிராமத்துப் பெண்ணின் நிலத்துக்கோ வேலைக்கோ எப்படிப் பயன்படும், எங்கே பயன்படாமல் போகும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முன்வரலாறு

பெண்ணுரிமைக்கு நாடுகள் கூடிப் பேச வேண்டிய தேவை முதலில் குடியுரிமைச் சிக்கலில்தான் கூர்மையாகத் தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நாடுகளின் சட்டப்படி, வெளிநாட்டவரை மணந்த பெண் தன் குடியுரிமையை இழந்தாள். கணவனின் நாடு அவளை ஏற்றுக்கொண்டால் அந்நாட்டுக் குடிமகள். ஏற்காவிட்டால் எந்த நாட்டுக்கும் உரியவள் அல்லள். ஒரு நாடு மட்டும் தன் சட்டத்தைத் திருத்துவதால் இது முழுமையாகத் தீராது. இரண்டு நாடுகளின் சட்டங்களும் பொருந்திவர வேண்டும்.

1928இல் கியூபாவின் அவானா நகரில் நடந்த அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் மாநாட்டில் 'அமெரிக்க நாடுகளிடைப் பெண்கள் ஆணையம்' உருவாக்கப்பட்டது. பெண்ணுரிமைக்கெனவே அரசுகள் சேர்ந்து அமைத்த முதல் நிறுவனம் இது. மாநாட்டுக்கு அழைக்கப்படாத பெண்கள் அவானாவுக்கே போய்ப் பேச நேரம் கேட்டு வாங்கியதன் விளைவு. இந்த ஆணையத்தின் முயற்சியால் 1933இல் உருகுவேயின் மொண்டேவீடியோ நகரில் பெண்களின் குடியுரிமை பற்றிய உடன்படிக்கை கையெழுத்தானது.

ஐக்கிய நாடுகள் சாசனம் 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்திடப்பட்டபோது அதில் ஒப்பமிட்ட பெண்கள் நால்வர்: பிரேசிலின் பெர்த்தா லூட்ஸ், டொமினிக்கன் குடியரசின் மினர்வா பெர்னார்டினோ, சீனாவின் வூ யி-ஃபாங், அமெரிக்காவின் வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ். 'ஆண் பெண் சம உரிமை' என்ற சொற்கள் சாசனத்தில் வெளிப்படையாக இடம்பெற உறுதியாக நின்றவர்களில் லத்தீன் அமெரிக்கப் பெண்கள் முன்னணியில் இருந்தனர். பெண்ணுரிமை என்பது மேற்கத்திய வல்லரசுகள் பிற நாடுகள் மீது திணித்த கருத்து என்று இன்றும் சொல்லப்படுவதால் இச்செய்தியைக் குறித்துக்கொள்வது நல்லது.

1946இல் பெண்களின் நிலை பற்றிய ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் முதல் அமர்வு 1947 பிப்ரவரியில் நியூயார்க்கை அடுத்த லேக் சக்சஸ் என்னும் இடத்தில் 15 நாடுகளின் பிரதிநிதிகளுடன் நடந்தது, பதினைவரும் பெண்கள். அதே காலத்தில் மனித உரிமைகள் ஆணையத்தில் இந்தியப் பிரதிநிதியாக இருந்த அன்சா மேத்தா, உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் எல்லா மனிதரையும் குறிக்க 'ஆடவர்' என்ற பொருள்தரும் சொல் வந்ததை ஏற்கவில்லை. அதைச் சில அரசுகள் தம் பெண்களை விலக்கப் பயன்படுத்திக்கொள்ளும் என்பது அவர் வாதம். 1948இல் பிரகடனம் வெளிவந்தபோது அவ்விடத்தில் 'மனிதப் பிறவிகள்' என்ற பொருள்படும் தொடர் இருந்தது.

அதன்பின் உடன்படிக்கைகள் துண்டு துண்டாக வந்தன. சம வேலைக்குச் சம ஊதியம் பற்றி 1951இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஒன்றை ஏற்றது. வாக்குரிமைக்கு 1952, மணமான பெண்களின் குடியுரிமைக்கு 1957, திருமணச் சம்மதத்துக்கு 1962. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நாடுகள் சேர்ந்தன. பெண்ணின் வாழ்க்கையோ இப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. நிலம் இல்லாதவளுக்குக் கடன் கிடைக்காது, படிக்காதவளுக்கு வாக்குரிமையின் பயன் குறைவு. எல்லாவற்றையும் ஒரே ஆவணத்தில் சேர்க்கும் முயற்சி 1967இல் கட்டுப்படுத்தும் வலிமையற்ற பிரகடனமாக முடிந்தது. 1975இல் மெக்சிகோ நகரில் நடந்த முதல் உலகப் பெண்கள் மாநாடு, கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்ற கோரிக்கைக்கு வேகம் கொடுத்தது. நான்கு ஆண்டுகளில் வரைவு முடிந்தது. பொதுச்சபையில் ஆதரவாக 130 வாக்குகள்; எதிர்வாக்கு ஒன்றும் இல்லை. 1980 ஜூலையில் கோபன்ஹேகனில் நடந்த இரண்டாம் மாநாட்டின்போது 64 நாடுகள் ஒரே விழாவில் கையெழுத்திட்டன.

உள்ளடக்கம்

உடன்படிக்கையில் 30 பிரிவுகள் உள்ளன. முதல் 16 பிரிவுகள் உரிமைகளையும் அரசின் கடமைகளையும் கூறுகின்றன. எஞ்சியவை செயல்முறை பற்றியவை.

முதற்பிரிவு பாகுபாடு என்றால் என்ன என்று வரையறுக்கிறது. பெண்களை ஒதுக்கும் நோக்கத்துடன் செய்யப்படுவது மட்டும் பாகுபாடு அன்று. நோக்கம் எதுவாயினும் விளைவு அப்படி அமைந்தால் அதுவும் பாகுபாடே. காவலர் தேர்வுக்கு ஆண்களின் சராசரி உயரத்தை எல்லாருக்கும் பொதுவாக வைத்தால், விதி எழுத்தில் சமம். விளைவில் சமம் அன்று. இரண்டாம் பிரிவு அரசுகளின் பொறுப்பைத் தன் அலுவலகங்களோடு நிறுத்தாமல் தனியாட்கள், அமைப்புகள், தொழில் நிறுவனங்கள் செய்யும் பாகுபாட்டையும் தடுக்கச் சொல்கிறது. நான்காம் பிரிவு, சமநிலை எட்டும்வரை பெண்களுக்குத் தற்காலிகச் சிறப்பு ஏற்பாடுகள் செய்வது பாகுபாடு ஆகாது என்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்கான இட ஒதுக்கீடு இவ்வகையைச் சேர்ந்தது. கிராமப்புறப் பெண்களுக்கென ஒரு தனிப் பிரிவை, அதாவது 14ஆம் பிரிவை, ஒதுக்கிய முதல் மனித உரிமை உடன்படிக்கையும் இதுவே.

எழுதப்பட்டவற்றுள் துணிச்சலானது ஐந்தாம் பிரிவு. ஆண் உயர்ந்தவன், பெண் தாழ்ந்தவள் என்ற எண்ணத்தின் மேல் நிற்கும் வழக்கங்களை மாற்ற நடவடிக்கை எடுக்குமாறு அது அரசுகளைக் கேட்கிறது. 16ஆம் பிரிவு திருமணத்துக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும் நுழைகிறது: துணையைத் தேர்வது, மணவிலக்கு, பிள்ளைகளின் காப்புரிமை, சொத்தை வைத்திருப்பது, விற்பது. அரசுகள் அதிகம் தயங்கியதும் இப்பிரிவில்தான்.

ஒரு பெரிய விடுபடல் உண்டு. பெண்கள் மீதான வன்முறை பற்றி உடன்படிக்கையில் தனிப் பிரிவு இல்லை. 1970களில் வீட்டுக்குள் நடக்கும் அடி உதை அரசு தலையிடும் விஷயமாகவே பரவலாகக் கருதப்படவில்லை. சீடா குழு 1992இல் வெளியிட்ட 19ஆம் பொதுப் பரிந்துரையில், பாலின அடிப்படையிலான வன்முறையும் முதற்பிரிவு கூறும் பாகுபாட்டின் ஒரு வடிவமே என்று விளக்கி அந்த இடத்தை நிரப்பியது. அரசுகள் மீண்டும் கூடி உடன்படிக்கையைத் திருத்தவில்லை. இருக்கும் சொற்களின் பொருள் விரிவாக்கப்பட்டது. இந்தப் பரிந்துரை ஐந்தே ஆண்டுகளில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் பயன்பட்டதைப் பின்னர் காண்போம்.

விலக்குக் குறிப்புகள்

ஒரு நாடு உடன்படிக்கையில் சேரும்போது, 'இன்ன பிரிவு எங்களைக் கட்டுப்படுத்தாது' என்று எழுதி வைக்கலாம். அதை இங்கு விலக்குக் குறிப்பு என்போம். உடன்படிக்கையின் அடிப்படை நோக்கத்துக்கே முரணான விலக்கு கூடாது என்று 28ஆம் பிரிவு சொன்னாலும், எது முரண் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை அது யாருக்கும் தரவில்லை. ஆகவே பிற தரப்பு நாடுகள் ஆட்சேபம் எழுதுவதோடு நிற்கிறது.

இந்தியா 1980 ஜூலை 30 அன்று கையெழுத்திட்டு, 13 ஆண்டுகள் கழித்து ஏற்புறுதி அளித்தது. ஐ.நா. பதிவில் அந்நாள் 1993 ஜூலை 9. இந்தியச் சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் 1993 ஜூன் 25 என்று இருக்கும். தேர்வுக்குப் படிப்பவர்கள் இரண்டையும் கண்டு குழம்ப வேண்டாம். பின்னது இந்தியத் தரப்பில் குறிக்கப்படும் நாள், முன்னது ஐ.நா.வில் பதிவான நாள்.

ஏற்புறுதியுடன் இந்தியா இரண்டு அறிவிப்புகளைச் சேர்த்தது. ஐந்தாம் பிரிவின் வழக்கங்கள் பற்றிய பகுதியையும் 16ஆம் பிரிவின் முதல் உட்பிரிவையும், எந்தச் சமூகத்தின் தனிப்பட்ட விவகாரங்களிலும் அச்சமூகத்தின் முன்முயற்சியும் சம்மதமும் இன்றித் தலையிடுவதில்லை என்ற கொள்கைக்கு உட்பட்டே பின்பற்றுவோம் என்பது ஒன்று. ஒரு சமூகத்தின் சம்மதம் என்றால் யாருடைய சம்மதம், அதில் அச்சமூகத்துப் பெண்களின் குரல் எங்கே என்ற கேள்விக்கு அறிவிப்பில் விடை இல்லை. நெதர்லாந்து இதை எதிர்த்து 1994இல் ஆட்சேபம் பதிவு செய்தது. எந்த மாற்றமும் நிகழவில்லை.

மற்றொன்று திருமணப் பதிவு பற்றியது. திருமணங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்யும் கொள்கையை இந்தியா ஆதரிக்கிறது. ஆனால் பலவகை வழக்கங்களும் சமயங்களும் எழுத்தறிவு நிலைகளும் கொண்ட பரந்த நாட்டில் அது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது அதன் சாரம். பதிவுச் சான்று இல்லாத மனைவிதான் ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றம் போகும்போது, திருமணமே நடக்கவில்லை என்று கணவன் சொல்லக் கேட்டு நிற்பவள். 2006 பிப்ரவரியில் சீமா எதிர் அசுவனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாச் சமயத்தினரின் திருமணங்களையும் பதிவு செய்யும் விதிகளை வகுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் திருமணப் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். நடைமுறைக்கு ஒவ்வாது என்று ஐ.நா.வுக்கு எழுதிக் கொடுத்ததைத் தமிழ்நாட்டுச் சார்பதிவாளர் அலுவலகங்கள் இன்று அன்றாடம் செய்கின்றன. அறிவிப்போ திரும்பப் பெறப்படவில்லை.

சீடா குழுவும் அதன் வேலையும்

உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு 23 வல்லுநர்கள் கொண்ட குழுவை ஏற்படுத்துகிறது. தரப்பு நாடுகள் இவர்களை நான்காண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் உறுப்பினர்கள் தம் நாட்டு அரசின் சார்பில் பேசுவதில்லை. இலங்கைச் சட்டப் பேராசிரியர் சாவித்திரி குணசேகர இக்குழுவில் பணியாற்றியவர்களுள் ஒருவர். குழு ஆண்டுக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் கூடக்கூடாது என்ற பொருளில் 20ஆம் பிரிவு எழுதப்பட்டது. உலகின் பாதி மக்களின் உரிமையைக் கவனிக்க இரண்டு வாரம்! வேறு எந்த மனித உரிமைக் குழுவுக்கும் உடன்படிக்கையிலேயே இப்படிக் கால வரம்பு வைக்கப்படவில்லை. இதை நீக்க 1995இல் கொண்டுவந்த திருத்தத்துக்குத் தேவையான எண்ணிக்கையில் நாடுகள் ஒப்புதல் தராததால், பொதுச்சபை தனித் தீர்மானங்கள் மூலம் கூடுதல் நாட்களைக் கொடுத்துவருகிறது.

குழுவின் முதன்மையான கருவி அறிக்கை. சேர்ந்த ஓராண்டுக்குள் முதல் அறிக்கையையும் பின்னர் நான்காண்டுக்கு ஒருமுறை அடுத்தடுத்த அறிக்கைகளையும் ஒவ்வோர் அரசும் தர வேண்டும். அரசின் அறிக்கை பெரும்பாலும் திட்டங்கள், சட்டங்கள், ஒதுக்கிய தொகைகள் ஆகியவற்றின் பட்டியலாக இருக்கும். அதைப் படித்துவிட்டுக் குழு கேள்விகளை அனுப்பும். பிறகு ஜெனீவாவில் அரசின் தூதுக்குழுவை நேரில் உட்காரவைத்துக் கேட்கும். இறுதியில் பாராட்டும் குறைகளும் பரிந்துரைகளும் கொண்ட கருத்துரையை வெளியிடும்.

குழு உறுப்பினர் ஒருவர் எங்கோ இருக்கும் ஒரு மாவட்டத்து நடப்பை எப்படி அறிவார்? இங்கேதான் பெண்கள் அமைப்புகள் வருகின்றன. அரசின் அறிக்கை சொல்லாமல் விட்டதை அவை 'நிழல் அறிக்கை'யாக எழுதி அனுப்புகின்றன. தொடக்கத்தில் இதற்கு முறையான இடம் இல்லை. 1993இல் கோலாலம்பூரில் சாந்தி தைரியம் தொடங்கிய அமைப்பு, பல நாட்டுப் பெண்களுக்கு நிழல் அறிக்கை எழுதவும் குழுவின் முன் பேசவும் பயிற்சி அளித்தது. பின்னாளில் அவரே குழுவின் உறுப்பினராகவும் இருந்தார். அரசுத் தூதுக்குழு பதில் சொல்லும் அறையில், அந்த நாட்டுப் பெண்களும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பது இன்று வழக்கமாகிவிட்டது. தங்களைப் பற்றித் தங்கள் அரசு என்ன சொல்கிறது என்று கேட்க அவர்களுக்கு வேறு எங்கும் இப்படி ஓர் இருக்கை கிடைப்பதில்லை.

அறிக்கை தராத அரசை என்ன செய்வது? பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது. 1994இல் தர வேண்டிய முதல் அறிக்கையை இந்தியா 1999இல் தந்தது. 2000 ஜனவரியில் குழு அதை ஆராய்ந்தது. தாமதத்தில் இந்தியா தனித்து நிற்கவும் இல்லை.

1999இல் ஏற்கப்பட்டு 2000 டிசம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த விருப்ப நெறிமுறை, இரண்டாவது கருவி. இதில் சேர்ந்த நாடுகளின் பெண்கள், உள்நாட்டில் உள்ள வழிகளை எல்லாம் முயன்று முடித்தபின், குழுவிடம் தனிப்பட்ட முறையில் முறையிடலாம். இலங்கை 2002இல் இதில் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை.

நீதிமன்றங்களில்

இந்தியா, இலங்கை, மலேசியா ஆகிய மூன்றிலும் ஓர் உடன்படிக்கையை அரசு ஏற்றுக்கொண்டதாலேயே அது நாட்டின் சட்டம் ஆகிவிடாது. நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டும். அப்படி இயற்றாதபோதும் சீடாவுக்கு ஒரு வழி கிடைத்தது இந்தியாவில்.

ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி, மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' எனப்படும் கிராமப் பணியாளர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றது அவரது பணியின் ஒரு பகுதி. அதற்காக 1992இல் அவர் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அக்குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. வேலை செய்யப்போன இடத்தில் வேலையின் பொருட்டு நேர்ந்த இக்கொடுமையைத் தடுக்கும் பொறுப்பு வேலை கொடுத்தவருக்கு இல்லையா என்று கேட்டு, விசாகா என்ற அமைப்பும் வேறு சில பெண்கள் அமைப்புகளும் உச்ச நீதிமன்றம் சென்றன. (விசாகா என்பது பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு, அது வழக்குத் தொடுத்த அமைப்பின் பெயர்.)

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றி அப்போது இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மா, சுஜாதா மனோகர், பி. என். கிர்பால் ஆகியோர் அமர்வு 1997 ஆகஸ்ட் 13 அன்று தீர்ப்பளித்தது. உள்நாட்டுச் சட்டம் இல்லாத இடத்தில், அடிப்படை உரிமைகளோடு முரண்படாத பன்னாட்டு உடன்படிக்கையின் விதிகளை அந்த உரிமைகளுக்குள் சேர்த்துப் படிக்கலாம் என்றது. வேலையில் சமத்துவம் கூறும் சீடாவின் 11ஆம் பிரிவையும் 19ஆம் பொதுப் பரிந்துரையையும் எடுத்துக்கொண்டு, எல்லாப் பணியிடங்களையும் கட்டுப்படுத்தும் நெறிமுறைகளை வகுத்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரையில் சீடா பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது. அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இன்று உள்ள புகார்க் குழுவைப் பலர் இன்னமும் 'விசாகா கமிட்டி' என்றே சொல்கின்றனர். அந்தக் குழுவின் முன் புகார் கொண்டுவரும் பெண் சீடாவைக் கேள்விப்பட்டிருக்கத் தேவையில்லை. பயன் அவளுக்குக் கிடைத்துவிடுகிறது.

விசாகாவுக்கு முன்பே, 1996இல், தமிழ்நாட்டுச் சொத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சீடாவைச் சுட்டியது. ஒரு கைம்பெண்ணுக்கு உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை மட்டும் தந்து, அதன்பின் சொத்து சுவாமிநாதசுவாமி கோயிலுக்குச் சேரும்படி எழுதப்பட்ட உயில் பற்றியது அது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி அப்பெண்ணின் உரிமை முழு உரிமையாக மாறிவிட்டது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. விசாகா அளவுக்கு இவ்வழக்கு பேசப்படுவதில்லை. நிலம் சம்பந்தப்பட்ட தீர்ப்புகளுக்குப் பொதுவாக அந்தப் புகழ் வாய்ப்பதில்லை.

மலேசியாவில் கதை இரண்டு விதமாக முடிந்தது. கருவுற்றதால் வேலை இழந்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், அரசியலமைப்பின் சமத்துவ உரிமையைத் தனியார் ஒப்பந்தத்துக்கு எதிராகக் கோர முடியாது என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம் கைவிரித்தது. 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் வேறொரு பெண். தற்காலிக ஆசிரியையாகத் தேர்வானவர். கருவுற்றிருப்பது தெரிந்ததும் நியமனம் ரத்தானது. அரசியலமைப்பில் உள்ள பாலினச் சமத்துவத்தைச் சீடாவின் துணையோடு பொருள்கொண்டு, அது பாகுபாடே என நீதிபதி தீர்ப்பளித்தார். இங்கு எதிர்த்தரப்பு அரசு என்பதும், 2001இல் அரசியலமைப்பின் எட்டாம் பிரிவில் 'பாலினம்' என்ற சொல் சேர்க்கப்பட்டிருந்தது என்பதும் வேறுபாட்டுக்குக் காரணங்கள்.

இலங்கை

இலங்கை 1981 அக்டோபர் 5 அன்று விலக்குக் குறிப்பு ஏதுமின்றி ஏற்புறுதி அளித்தது. தாளில் பார்த்தால் இந்தியாவைவிட முழுமையான வாக்குறுதி. 1993இல் பெண்கள் சாசனம் ஒன்றையும் அரசு வெளியிட்டது. 2003இல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, தாயின் வழியாகவும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடைத்தது; 2005இல் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் இந்தியா விலக்குக் குறிப்பில் எழுதியதை இலங்கை தன் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறது எனலாம். 1978 அரசியலமைப்பின் 16ஆம் பிரிவின்படி, அதற்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும்.

இதன் பொருள் யாழ்ப்பாணத்தில் நன்றாகத் தெரியும். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, பெண்ணுக்குச் சீதனமாகத் தனிச்சொத்தை உறுதிசெய்கிறது. இது பழைய சட்டங்களில் அரிதான சிறப்பு. எனினும் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரில் உள்ள வீட்டையோ காணியையோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இன்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது என்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் விதி. கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து அனுமதி பெறலாம். போரில் கணவர் காணாமல்போன ஒரு பெண், அம்மா தந்த காணியை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்க நினைத்தால், முதலில் ஏற வேண்டியது நீதிமன்றப் படி. கணவருக்கோ தன் சொத்தை விற்க அவளிடம் ஒப்பம் வாங்கும் கட்டாயம் இல்லை.

1951ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண, மணவிலக்குச் சட்டமும் இதே பிரிவின் காவலில் நிற்கிறது. பொதுச்சட்டத்தில் 1995இல் திருமண வயது 18 ஆனபோதும் அது இச்சட்டத்துக்குப் பொருந்தவில்லை. முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் பல பத்தாண்டுகளாகத் திருத்தம் கேட்டுவருகின்றன. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு அறிக்கை கொடுத்தது 2018இல். அதிலும் உறுப்பினர்கள் இரு பிரிவாக நின்றனர். சிறுபான்மைச் சமூகத்தின் சட்டத்தைப் பெரும்பான்மை அரசு தொடுவது என்ற அச்சம் உண்மையானது. அதை முன்வைத்தே அச்சமூகத்துப் பெண்ணின் கோரிக்கை தள்ளிப்போடப்படுவதும் உண்மை. 16ஆம் பிரிவை நீக்குமாறு சீடா குழு 2017இல் வலியுறுத்தியது. பிரிவு அப்படியே உள்ளது.

வேறொரு முனையில் நகர்வு ஏற்பட்டது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரசு வழங்கிய காணிகளின் வாரிசுரிமையில் மகளுக்கு முன் மகனை வைத்திருந்தது. பெண்கள் அமைப்புகள் தொடர்ந்து எதிர்த்த இந்த வரிசை 2022இல் திருத்தப்பட்டது. அதே 2022இல், விருப்ப நெறிமுறையின் கீழ் ரொசானா பிளேமர்-கல்தேரா தொடுத்த முறையீட்டில், பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டப் பிரிவு உடன்படிக்கைக்கு முரணானது என்று குழு கூறியது. குழுவின் முடிவு கொழும்பின் நீதிமன்றத் தீர்ப்புப்போல் தானாகச் செயற்படுவதில்லை. அரசு ஆறு மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும் என்ற அளவில் கட்டுப்பாடு உண்டு.

பிற கூட்டு ஏற்பாடுகள்

1995இல் பெய்ஜிங்கில் நடந்த நான்காம் உலக மாநாட்டில் 189 அரசுகள் ஏற்ற செயல்திட்டம், 12 துறைகளில் செய்ய வேண்டியவற்றை விரிவாகக் கூறுகிறது. அது உடன்படிக்கை அன்று, அரசியல் உறுதிமொழி. 2010இல் நான்கு தனி அமைப்புகளை இணைத்து 'ஐ.நா. பெண்கள்' அமைப்பு உருவாக்கப்பட்டது.

வட்டார உடன்படிக்கைகளும் உள்ளன. அமெரிக்கக் கண்டத்தில் 1994இல் பெலெம் தோ பாரா உடன்படிக்கையும், ஆப்பிரிக்காவில் 2003இல் மபுட்டோ நெறிமுறையும், ஐரோப்பாவில் 2011இல் இஸ்தான்புல் உடன்படிக்கையும் வந்தன. இவற்றுள் கடைசி உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்தது துருக்கி. தன் நகரின் பெயரைத் தாங்கிய அதிலிருந்து 2021 ஜூலை 1 அன்று வெளியேறியதும் துருக்கியே. குடியரசுத் தலைவரின் ஓர் ஆணை அதற்குப் போதுமானதாக இருந்தது.

சீடாவில் வெளியேறுவதற்கான பிரிவு எழுதப்படவில்லை. இதுவரை எந்தத் தரப்பு நாடும் அதைவிட்டு விலகவில்லை. ஈரான், சோமாலியா, சூடான், தொங்கா ஆகியவை சேராதவை. 1980 ஜூலையில் கோபன்ஹேகன் விழாவில் கையெழுத்திட்ட அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஏற்புறுதி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டு செனட் சபையில் நிலுவையில் இருக்கிறது.